தென்னமரம் தோட்டத்திலிருந்து வீட்டுக் கொல்லை வரை: சிறு டிராக்டரின் கதை



அண்மைக் காலமாகப் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம் கிடக்கிறது. சின்ன டிராக்டர் ஒன்று வாங்கிப் போடலாம் என்று நினைக்கிறோம். எதை வாங்கலாம்?" தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இக்கேள்வியைக் கேட்பவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் உழைத்து, 55 வயதில் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள். அந்தப் பணம் ஒருமுறைதான் வரும். அதில் ஒரு பெரும்பகுதியைக் கொண்டுபோய் ஓர் இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால், அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது, யாருடைய நிலத்துக்காக உருவாக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது நலம். ஆகவே, விற்பனைக் கையேடு தரும் விடையை விட்டுவிட்டு, வரலாறு தரும் விடையை இங்கே எழுதுகிறேன்.

பத்தாங் பெர்ஜுந்தாய் என்று நாம் பழகிய ஊர் 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கிறது. பெயர் மாறினாலும் மண் மாறவில்லை. அந்த மண்ணிலிருந்தே தொடங்குவோம்.

மண்வெட்டிக் காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் ஆற்றின் கரையோரக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறியபோது, அந்த மாற்றத்தைச் செய்தவை மனிதக் கைகளே. கோடரி, பாராங் கத்தி, மலாய் வழக்கில் சங்குல் எனப்படும் மண்வெட்டி ஆகிய மூன்றும்தான் கருவிகள். மரத்தை வெட்டிச் சாய்த்து, காய்ந்தபின் எரித்து, கால்வாய் வெட்டி நீரை வடித்து, அதன்பிறகு கன்று நட்டார்கள். கங்காணி முறையிலும் அதற்கு முந்திய ஒப்பந்த முறையிலும் தமிழகத்திலிருந்து வந்தவர்களே இந்த வேலையின் பெரும்பங்கைச் சுமந்தார்கள். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கான உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தும் வரையில், கப்பலில் ஆள் வந்துகொண்டே இருந்தது. ஆள் எளிதில் கிடைக்கும் இடத்தில் இயந்திரத்துக்கு அவசரம் இருப்பதில்லை. இது நம் கதையின் முதல் பாடம்.

அக்காலத்தில் தோட்டத்தின் பெரும் பகை லாலாங் புல். அதன் தண்டு மண்ணுக்கடியில் கிளைத்து ஓடும். மேலே வெட்டினால் மீண்டும் முளைக்கும். ஆகவே மண்வெட்டியால் கிளறி, தண்டைப் பொறுக்கி எடுத்தார்கள். பின்னர், பியூரேரியா, செண்ட்ரோசீமா, காலபோகோனியம் முதலான அவரை இனக் கொடிகளை மூடுபயிராகப் படரவிட்டு நிழலால் அதை அடக்கும் முறை பரவியது. இந்த இரண்டு முறைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு டிராக்டர் வாங்கும்போது இவை தேவைப்படும்.

1917: ஒரே ஆண்டில் இரு தொடக்கங்கள்

பிரான்சு நாட்டின் பார்பெசியே என்னும் ஊரில் 1879இல் பிறந்த ஹென்ரி ஃபோக்கோனியே, 1905இல் மலாயாவுக்கு வந்து ரப்பர்த் தோட்டம் அமைத்தவர். கோலசிலாங்கூர் வட்டாரத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் 1911ஆம் ஆண்டு வாக்கில் சுமத்திராவிலிருந்து பெற்ற செம்பனை விதைகளை அவர் நட்டார். அப்போது அவை அழகுக்காகவே நடப்பட்டன. 1917இல் தென்னமரம் தோட்டத்தில் காப்பி நடப்பட்டிருந்த நிலத்தில் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. பிற்காலத்தில் இவர் எழுதிய மலாயாவைப் பற்றிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது.

இதில் தமிழ் மாணவர்க்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. செம்பனையின் தாய்வீடாகிய தோட்டத்துக்கு வழங்கும் பெயர் நம் பேச்சுவழக்கில் உள்ள தென்னமரம்! மலேசியாவின் மிகப் பெரிய பயிர்த்தொழில் ஒரு தமிழ்ச் சொல்லின் நிழலில் தொடங்கியிருக்கிறது. நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அதே 1917ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியில், அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு ஃபோர்ட்சன் என்னும் டிராக்டரைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கினார். அதற்கு முன்பும் டிராக்டர்கள் இருந்தன. அவை பெரும்பாலும் பெரும் பண்ணைகளுக்குரிய கனத்த, விலையுயர்ந்த இயந்திரங்கள். ஃபோர்ட்சன் நடுத்தர உழவனும் வாங்கக்கூடிய விலைக்கு வந்தது. ஆனால் அதில் உயிரைக் குடிக்கும் குறை ஒன்று இருந்தது. பின்னால் சங்கிலியால் கட்டப்பட்ட கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால், பின் சக்கரங்கள் நின்றுவிட, வண்டியின் முன்பக்கம் மேலே எழும்பி ஓட்டுநர்மீதே கவிழும். பலர் இப்படி மாண்டார்கள்.

ஆக, 1917இல் இங்கே கைகளால் நட்டார்கள். அங்கே இயந்திரத்தால் உழுதார்கள். இவ்விரண்டும் சந்திப்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஃபெர்குசன் கண்ட முப்புள்ளி

அந்தக் கவிழும் குறையைத் தீர்த்தவர் அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன். கலப்பையை வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் தனிப்பொருளாக வைக்காமல், வண்டியின் உடலோடு சேர்ந்த உறுப்பாக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை என மூன்று புள்ளிகளில் கருவியைப் பூட்டி, எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தவும் தாழ்த்தவும் செய்தார். இதுவே முப்புள்ளி இணைப்பு.

இதன் பயன் இரண்டு. முதலாவது, கலப்பை எதிலாவது மாட்டும்போது ஏற்படும் விசை, மேற்கையின் வழியே வண்டியின் முன்பக்கத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆகவே முன்பக்கம் எழும்பும் ஆபத்து குறைகிறது. இரண்டாவது, கருவியின் எடையும் மண்ணின் இழுப்பும் பின் சக்கரங்களின்மேல் சேர்வதால், இலேசான வண்டியே கனத்த வண்டியின் வேலையைச் செய்கிறது. பெரிய இரும்பு வேண்டியதில்லை. சரியான இணைப்பு போதும்.

1946 முதல் 1956 வரையில் இங்கிலாந்தின் கோவெண்ட்ரி நகரில் செய்யப்பட்ட ஃபெர்குசன் டி.இ.20 என்னும் சாம்பல் நிற வண்டிகள் 5 லட்சத்துக்கும் அதிகம். எவரெஸ்ட் சிகரத்தை முதலில் தொட்ட இருவருள் ஒருவரான எட்மண்ட் ஹில்லாரி, 1958 ஜனவரியில் இந்த வகை வண்டிகளை ஓட்டிக்கொண்டுதான் தென் துருவத்தை அடைந்தார். ஃபெர்குசன் நிறுவனம் 1953இல் மாசி ஹாரிசுடன் இணைந்தது. பின்னாளில் மாசி ஃபெர்குசன் என்று பெயர் பெற்றது. சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனமும் அந்த நிறுவனத்தின் கூட்டுறவோடுதான் டிராக்டர் தயாரிப்பில் இறங்கியது. தமிழகத்து உழவரும் மலேசியத் தோட்டத்து ஓட்டுநரும் ஒரே குடும்பத்து வண்டிகளில் கை பழகியவர்கள் என்பது நினைக்கத்தக்கது.

இன்று வீட்டுத் தோட்டத்துக்கென விற்கப்படும் மிகச் சிறிய டிராக்டரின் பின்னால் போய் நின்று பாருங்கள். அதே மூன்று கைகள் இருக்கும். அதற்குக் கீழே ஆற்றல் தண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இயந்திரத்தின் சுழற்சியைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கொண்டுசெல்வது அதுதான். பி.டி.ஓ. என்று ஓட்டுநர்கள் சொல்வது இதையே. உழுவதும், புல் வெட்டுவதும், குழி தோண்டுவதும் கருவிகளே. டிராக்டர் அவற்றைச் சுமந்து, அவற்றுக்கு ஆற்றல் தருகிறது.

ஜப்பானின் சிறு நிலமும் அமெரிக்காவின் புல்வெளியும்

சிறு டிராக்டர் என்று இன்று ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. இதை அறியாமல் வாங்குவோர்தாம் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதல் குடும்பம் அமெரிக்காவில் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே புறநகர் வீடுகள் பெருகின. வீட்டைச் சுற்றிப் பெரிய புல்வெளி வைப்பது வழக்கமாயிற்று. அந்தப் புல்லை உட்கார்ந்தபடியே வெட்டுவதற்காக உருவானவை தோட்ட டிராக்டர்கள். ஜான் டியர் நிறுவனம் தன் முதல் தோட்ட டிராக்டரை 1963இல் கொண்டுவந்தது. இவற்றின் வயிற்றுக்கடியில் புல்வெட்டி பொருத்தப்பட்டிருக்கும். இன்று கடைகளில் கிடைக்கும் இவ்வகையின் எளிய வண்டிகள் பலவற்றில் பல்லிணைப் பெட்டி புல்வெட்டும் பளுவுக்கு மட்டுமே செய்யப்பட்டது. கட்டியான மண்ணை உழ வைத்தால் அது தாங்காது.

இரண்டாம் குடும்பம் ஜப்பானில் பிறந்தது. போருக்குப் பின் அங்கே நடந்த நிலச் சீர்திருத்தத்தால் குத்தகையாளர்கள் நில உரிமையாளர்கள் ஆனார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் கிடைத்த நிலம் சிறியது. ஏறத்தாழ ஒரு ஹெக்டர். அந்தச் சிறு வயலுக்கு ஏற்றபடி முதலில் கைப்பிடி உழுவண்டிகளும், பிறகு சிறு டிராக்டர்களும் செய்யப்பட்டன. குபோத்தா நிறுவனம் 1960இல் தன் முதல் டிராக்டரை வெளியிட்டது. 1971இல் நான்கு சக்கரங்களும் இழுக்கும் மிகச் சிறிய வண்டியைக் கொண்டுவந்தது. சேற்றில் இறங்கினாலும் மீண்டு வருவதற்காகச் செய்யப்பட்டவை இவை.

கவனியுங்கள். முதல் குடும்பம் புல்வெளி வைத்திருந்தவனுக்காகப் பிறந்தது. இரண்டாம் குடும்பம் தன் நிலத்தைத் தானே உழுத சிறு உழவனுக்காகப் பிறந்தது. மழையும் களியும் சேறும் நிறைந்த நம் வட்டாரத்துக்கு எது உறவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டைச் சுற்றிப் புல் மட்டுமே இருக்கிறது, மண்ணைத் தொடப் போவதில்லை என்பவர்களுக்கு முதல் வகையே போதும்.

செம்பனைக் குலையும் எருமை வண்டியும்

நம் தோட்டங்களுக்குத் திரும்புவோம். 1960களில் ரப்பரிலிருந்து செம்பனைக்கு நாடு வேகமாக மாறியது. ஜோகூரின் தாயிப் அண்டாக் நிலத்திட்டத்தில் 1961இல் ஃபெல்டா செம்பனை நட்டது அந்த மாற்றத்தின் ஓர் அடையாளம். ரப்பர்ப் பாலை வாளியில் தூக்கிச் செல்லலாம். செம்பனைக் குலை அப்படியன்று. ஒரு குலையே 10 முதல் 25 கிலோ வரை கனக்கும். அதை மரத்தடியிலிருந்து சாலைக்குக் கொண்டுவருவது செம்பனையின் மிகப் பெரிய உடலுழைப்பு. தோளில் சுமந்தார்கள், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் தள்ளினார்கள், எருமை வண்டியில் ஏற்றினார்கள். சாலையிலிருந்து ஆலைக்கு லோரியும் பெரிய டிராக்டரும், சில தோட்டங்களில் இலகு ரயிலும் கொண்டுசென்றன.

1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து செம்பனைப் பூவின் கூன்வண்டு கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் மகரந்தத்தைத் தொழிலாளர்களே பூக்களின்மேல் தூவி வந்தார்கள். வண்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. காய்ப்புப் பெருகியது, குலைகளும் கனத்தன. ஒரு சிறு பூச்சி சிலருடைய வேலையைப் போக்கி, வேறு சிலருடைய சுமையைக் கூட்டியது.

இதற்கிடையே தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துகொண்டே வந்தன. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்ட 1969ஆம் ஆண்டையொட்டிப் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினார்கள். பின்னர் பிள்ளைகள் படித்து நகரத்துக்குப் போனார்கள். தோட்டங்கள் வீடமைப்புக்கும் பிற தேவைகளுக்கும் விற்கப்பட்டன. ஆள் அரிதானதும் இயந்திரம் வந்தது. 1990களில், மரவரிசைகளுக்கிடையே புகுந்து செல்லக்கூடிய சிறு டிராக்டர்கள் இழுவைப் பெட்டியோடு தோட்டங்களில் பரவின. குலையைக் கவ்வித் தூக்கும் இயந்திரக் கையும் பின்னர் அவற்றோடு சேர்ந்தது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாத்தா காலத்தில் இயந்திரம் இல்லாதது தாத்தாவின் விருப்பமன்று. அப்பா காலத்தில் இயந்திரம் வந்ததும் அப்பாவின் முடிவன்று. எந்தக் கருவி, எந்த அளவு, எந்த நேரம் என்பதைக் கம்பெனியே முடிவு செய்தது. அந்தக் கணக்கு கம்பெனியின் நிலத்துக்கும் இலாபத்துக்கும் உரியது. இன்று அரை ஏக்கர் வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் டிராக்டர் வாங்க நினைக்கும்போது, நான்கு தலைமுறைகளில் முதல் முறையாக அந்த முடிவு அவருடைய கைக்கு வருகிறது. ஆகவே தோட்டத்தில் பார்த்துப் பழகிய வண்டியையே வீட்டுக்கும் வாங்குவது சரியாகாது. தன் நிலத்தின் கணக்கைத் தானே போடவேண்டும்.

நிலத்திலிருந்து தொடங்கும் கணக்கு

இந்த வரலாறு நமக்குத் தரும் ஒழுங்கு இது: முதலில் நிலம், அடுத்து வேலை, அதற்கடுத்துக் கருவி, கடைசியில்தான் வண்டி. கடைக்காரர் இதைத் தலைகீழாகச் சொல்வார்.

1. நிலம். நம் வட்டாரத்தில் மண் பலவகை. கடலோரத்துக்கு அருகே கனத்த களிமண். அதில் ஈரத்தில் வண்டி இறக்கினால் மண் இறுகி வேர் மூச்சடைக்கும். ராஜா மூசாப் பக்கம் கரிமண் எனத்தக்க சதுப்பு நிலம். மேலே மெத்தையாக இருக்கும், உள்ளே மட்காத மரக்கட்டை புதைந்திருக்கும். அதில் சுழல் கலப்பையின் கத்திகள் உடையும். கனத்த வண்டி அமிழும். பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றி ஈயம் எடுத்து விட்டுப்போன மணல் நிலம் உண்டு. அங்கே உழுவது எளிது, விளைவது அரிது. உழவைவிட எருவே அதற்குத் தேவை. களிமண்ணுக்கு ஆழ வரியுள்ள உழவுச் சக்கரம். மெத்தென்ற நிலத்துக்கு அகலமான சக்கரமும் குறைந்த எடையும். புல்தரைக்கு வரி குறைந்த சக்கரம். சக்கரத்தைப் பார்க்காமல் வண்டியின் நிறத்தைப் பார்ப்பவர்களே நம்மில் அதிகம்.

2. வேலை. ஒரு கணக்குப் போடுவோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கும் கொடுக்கலாம். அரை ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். 1.2 மீட்டர் அகலமுள்ள சுழல் கலப்பை, மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒரு மணி நேரத்தில் 2,400 சதுர மீட்டரை உழும். திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் அரை ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம். ஆண்டுக்கு நான்கு முறை உழுதால் 6 மணி நேரம். புல்லை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினாலும், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 13 மணி நேரம். ஆக மொத்தம் 20 மணி நேரத்துக்கும் குறைவு. ஆண்டின் மற்ற நாளெல்லாம் வண்டி கொட்டகையில் நிற்கும். நிற்கும் வண்டிக்கும் செலவு உண்டு: மின்கலம் இறங்கும்; டீசலில் நீர் சேரும்; எலி மின்கம்பியைக் கடிக்கும்.

3. கருவி. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவேண்டாம். கீரையும் மரவள்ளியும் போடுபவர்க்குச் சுழல் கலப்பை. பழமரம் வைப்பவர்க்குக் குழிதோண்டியும் புல்வெட்டியும். மாட்டெருவும் தேங்காயும் சுமப்பவர்க்கு இழுவைப் பெட்டி. இழுவைப் பெட்டியே மிக மலிவானது. மிக அதிகம் பயன்படுவதும் அதுவே. லாலாங் புல் உள்ள நிலத்தில் சுழல் கலப்பையை ஒருமுறை ஓட்டிவிட்டு நிறுத்துவது ஆபத்து. துண்டாகும் ஒவ்வொரு தண்டும் தனிச்செடியாக முளைக்கும். வெயில் நாளில் இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்ப உழவேண்டும். பிறகு அவரையினக் கொடியைப் படரவிட வேண்டும். மேலே சொன்ன தாத்தாக்களின் முறையே இது.

4. வண்டி. கருவி முடிவானபின் குதிரைத்திறனைக் கணக்கிடலாம். சுழல் கலப்பைக்கு ஓர் அடி அகலத்துக்கு ஏறத்தாழ 5 குதிரைத்திறன் என்பது பொதுவழக்கு. இது ஆற்றல் தண்டில் கிடைக்கும் திறன். இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் திறனைவிட இது குறைவாகவே இருக்கும். 4 அடிக் கலப்பைக்கு ஆற்றல் தண்டில் 20 தேவை என்றால், அதற்குச் சற்றுக் கூடுதலான இயந்திரத்தைப் பார்க்கவேண்டும். அந்த அளவு கட்டுப்படியாகாதவர்கள் கலப்பையின் அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். உழும் நேரம் கூடும், அவ்வளவே. முப்புள்ளியின் கீழ்க்கை ஊசி 22 மில்லிமீட்டரா, 16 மில்லிமீட்டரா என்று அளந்து பாருங்கள். 22 என்றால் முதல் வகை. அதற்குரிய கருவிகள் எங்கும் கிடைக்கும். 16 என்றால் மிகச் சிறிய வகை. கருவி கிடைப்பது அரிது.

ஜப்பானிலிருந்து வரும் பழைய வண்டிகள் விலை மலிவு. பெரும்பாலும் சுழல் கலப்பையோடு சேர்ந்தே வரும். ஆனால் அவை அந்நாட்டு உழவருக்காகச் செய்யப்பட்டவை. எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கும். பலவற்றில் கவிழ்வுப் பாதுகாப்பு வளைவு இராது. ஆற்றல் தண்டின் வேகம் நம் கருவிக்குரிய வேகமாக இல்லாமலும் இருக்கலாம். உதிரிப்பொருள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகே விலை பேசுங்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில்

தோட்டத்தில் டிராக்டர் பிள்ளைகளுக்குத் திருவிழாத் தேர் போன்றது. மட்காட்டில் உட்கார்ந்து சவாரி செய்வதும், பெட்டியில் தொற்றிக்கொண்டு போவதும் நம்மில் பலர் கண்டு வளர்ந்த காட்சி. வீட்டில் அதை அனுமதிக்கவே கூடாது. ஓர் இருக்கை உள்ள வண்டியில் ஒருவரே ஏறவேண்டும்.

ஆற்றல் தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலும். அதாவது ஒரு நொடிக்கு 9 முறை. அதன் விட்டம் 35 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். கைலி முனையோ, துப்பட்டாவோ, அவிழ்ந்த கூந்தலோ அதில் மாட்டினால், ஒரே நொடியில் ஒரு மீட்டர் உள்ளே இழுக்கப்படும். கையை எடுக்க நேரம் இராது. மூடி இல்லாத தண்டுடன் வரும் வண்டியை, இலவசமாகக் கொடுத்தாலும், மூடி போடாமல் ஓட்டாதீர்கள். பின்னால் இறங்கிப் போவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள்.

சுவீடன் நாடு 1959இல் புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அந்நாட்டில் கவிழ்ந்து இறப்போர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் நிற்கும் அந்த இரும்பு வளைவும், அதோடு சேர்ந்த இருக்கைப் பட்டையும் உயிர்காப்பவை. நம் ஊர் சமதரைதானே என்று எண்ண வேண்டாம். இங்கே மலை இல்லை. ஆனால் தெருவுக்கு ஒரு லோங்காங்கும் நிலத்துக்கு ஒரு கால்வாயும் உண்டு. மழைக்குப் பின் கரை இடியும். கால்வாய் எத்தனை ஆழமோ, குறைந்தது அத்தனை தூரமாவது கரையிலிருந்து விலகி ஓட்டுவது நல்ல விதி.

ஐவர் கூடினால் ஒரு வண்டி

ஆண்டுக்கு 20 மணி நேர வேலைக்காக ஒரு குடும்பம் தன் சேமநிதியைக் கரைக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கும் நம் வரலாற்றிலேயே விடை உண்டு.

1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தோட்டமும் வீடும் ஒருங்கே பறிபோன நிலையில், தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டத்தையே வாங்கலாம் என்ற எண்ணத்தோடு துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தனித்தனியாக நின்றிருந்தால் ஒருவராலும் ஓர் ஏக்கரைக்கூட எட்டியிருக்க முடியாது. மாதந்தோறும் கொடுத்த சில வெள்ளிகள் ஒன்று சேர்ந்து தோட்டங்களை வாங்கின. பால்வெட்டிய கை பங்குரிமைச் சீட்டைப் பிடித்தது.

அதே எண்ணத்தைச் சிறிய அளவில் நாம் செய்யலாம். அக்கம்பக்கத்தில் நிலம் உள்ள ஐந்து குடும்பங்கள் கூடினால், ஒரு நல்ல வண்டியும் மூன்று கருவிகளும் வாங்கலாம். ஆண்டுக்கு 100 மணி நேரம் ஓடும். வண்டிக்கும் அதுவே நல்லது. ஆனால் வாய்ப்பேச்சோடு நிறுத்தக்கூடாது. யார் பெயரில் வண்டி, யார் கொட்டகையில் நிற்கும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது, உடைந்தால் யார் கொடுப்பது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஐவரும் கையொப்பமிட வேண்டும். ஓடிய மணி நேரத்தை அந்த நோட்டிலேயே குறித்து வரவேண்டும். கூட்டாக வாங்கிய பொருள்கள் பலவற்றில் உறவு கெட்டது கணக்கு எழுதாததால்தான். கூட்டுச் சேர ஆளில்லாதவர்கள், வண்டி வைத்திருப்பவரை மணிக்கணக்கில் கூலிக்கு அழைப்பதே மேல். கால் ஏக்கருக்கும் குறைவான நிலத்துக்குக் கைப்பிடி உழுவண்டியும் நல்ல மண்வெட்டியும் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளித் தோட்டமும் வட்டார வரலாறும் கற்பிக்கும்போது, தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். எந்தச் சேற்றில் எந்தப் பல்லில் இறங்குவது, குலை ஏற்றிய பெட்டியோடு கால்வாய்ப் பாலத்தை எப்படிக் கடப்பது என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை. அந்த அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது. மாணவர்கள் கேட்டு எழுதட்டும். நாள், தோட்டம், வண்டி, வேலை என்று பதிவு செய்யட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகுமுன் நிலத்தை ஒருமுறை காலால் சுற்றி வாருங்கள். எத்தனை அடி, எந்த மண், எங்கே கால்வாய், ஆண்டுக்கு எத்தனை மணி நேர வேலை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் பேசுங்கள்.